பிரிக்காத ஐந்து பாக்கெட்டுகள்

1. பாதி பொய்

ஓசூரில் ஒரு ஒயரிங் கம்பெனியின் மெடிக்கல் ரூமில் பதினெட்டு வருடம் நர்சாக இருந்தேன். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். கார், லாரிகளுக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, முனையில் கிளிப் அடித்து அனுப்புகிற வேலை அங்கே. லைனில் நிற்பவர்கள் முக்கால்வாசிப் பேர் பெண்கள். கெலமங்கலம், ராயக்கோட்டைப் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். தூரத்து ஊர்க்காரப் பெண்கள் மத்திகிரியில் ரூம் எடுத்து நான்கைந்து பேராகத் தங்கியிருப்பார்கள்.

முதல் நாள் எச்.ஆர். மேனேஜர் என்னை உட்கார வைத்துச் சொன்னது இதுதான்.

"சிஸ்டர், தெனம் முப்பது பொண்ணுங்க வயித்து வலின்னு வருவாங்க. அதுல பாதி பொய். எது அந்தப் பாதின்னு கண்டுபிடிக்கத்தான் உங்கள வெச்சிருக்கோம்."

இன்றைக்கு யாராவது அப்படிச் சொன்னால் நாலு வார்த்தை திருப்பிக் கேட்பேன். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. நான் இயல்பிலேயே சந்தேகப் பிராணி. பால்காரர் ஊற்றுகிற பாலை விரலில் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே எடுத்துப் போவேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ரகம் இல்லை. இப்படிப்பட்டவளுக்குச் சம்பளம் கொடுத்துச் சந்தேகப்படச் சொன்னால் விடுவேனா?

மாத்திரை ரிஜிஸ்டரில் புதிதாக ஒரு பத்தி போட்டேன். வயிற்று வலி என்று வருகிற பெண் மாதவிடாய் தேதியைச் சொல்ல வேண்டும். மாதத்தில் இரண்டாவது தடவை வந்தால் பழைய பக்கத்தைப் புரட்டி, "பத்து நாள் முன்னாடிதானேடி வந்தே?" என்று கேட்பேன். முழிப்பார்கள். லைனில் எனக்கு டிடெக்டிவ் சிஸ்டர் என்று பெயர். அது என் காதில் விழும் என்று அவர்களுக்குத் தெரியாது.

வீட்டிலும் அதே கதைதான். என் மகள் தீபா பெரியவளான நாளிலிருந்து அவள் தேதியைச் சமையலறைக் காலண்டரில் சின்ன வட்டம் போட்டு வைப்பேன். ஒரு நாள் தள்ளினாலும் கேள்வி. அவளுக்கு அது அறவே பிடிக்காது. ஒரு தடவை அந்த மாதத் தாளையே கிழித்து எறிந்தாள். நான் அடுத்த தாளில் ஞாபகமாக வட்டம் போட்டேன். என் உடம்பைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாவுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதாகவே நாங்கள் இருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

2. கார்டு

சுகன்யா வேலைக்குச் சேரும்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. கெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா கிரானைட் பட்டறையில் இருந்தார். அம்மா முனிரத்னம்மா முன்பு காட்டு வேலைக்குப் போனவள், இப்போது ரோஜா வளர்க்கிற பசுமைக்குடிலில் பூ வெட்டுகிறாள். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், லைன் லீடரிடம் கன்னடம். மத்திகிரியில் நான்கு பெண்களோடு ரூம்.

முதல் நான்கு மாதமும் தவறாமல் மெடிக்கல் ரூமுக்கு வந்தாள். வலி மாத்திரை கொடுத்தேன். மூன்றாவது தடவை மட்டும் போகிற போக்கில், "சிஸ்டர், எனக்கு ரொம்பப் போவுது," என்றாள்.

"எல்லாருக்கும் மொத ரெண்டு நாள் அப்படித்தான்."

"எங்கம்மாவும் அப்பிடித்தான் சொல்லுது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் ரிஜிஸ்டரில் எழுதினேன்: வயிற்று வலி, ஒரு மாத்திரை, அரை மணி ரெஸ்ட். ஒரு நாளைக்கு எத்தனை பேட் மாற்றுகிறாய் என்று கேட்கவில்லை. பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் நான். கேட்டிருக்க வேண்டும்.

ஐந்தாவது மாதம் தலைசுற்றல், வாந்தி என்று வந்தாள். தேதி கேட்டேன். இன்னும் வரவில்லை என்றாள். எனக்கு உடனே மணி அடித்தது. சரக்கு தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிற பையன் ஒருவனோடு அவள் பஸ் ஸ்டாப்பில் நின்று பேசுகிறாள் என்று கேன்டீனில் ஒரு பேச்சு இருந்தது. வாயும் வயிறுமாக இருக்கிறாளோ என்று நினைத்தேன். நினைத்ததை அவளிடம் கேட்கவில்லை.

"யூரின்ல கிருமி இருக்கான்னு பாக்கணும். புடிச்சிட்டு வா," என்று சொல்லிக் கர்ப்பம் பார்க்கிற கார்டில் இரண்டு சொட்டு விட்டேன். ஒரு கோடுதான் விழுந்தது, கர்ப்பம் இல்லை. "கிருமி இல்ல, போ," என்று அனுப்பிவிட்டுக் கார்டைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அவள் கை கழுவத் திரும்பி வந்தாள். தொட்டி வாஷ்பேசினுக்குக் கீழேதான் இருந்தது. கார்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குழாயை மூடிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அவள் மெடிக்கல் ரூம் பக்கமே வரவில்லை. நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். நானோ, மாதா மாதம் வந்தவள் திடீரென்று ஏன் வருவதில்லை என்று யோசித்து, அவள் பெயருக்கு நேரே பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

3. பாக்கெட்

அடுத்த ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் காலை கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தார்.

"சிஸ்டர், ஒரு அம்மா வந்து உக்காந்துகிச்சி. மாத்திர குடுக்கற சிஸ்டரத்தான் பாக்கணும்ங்குது. நகர மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். விரல் முழுக்க ரோஜா முள் கீறல். மடியில் ஒயர் கூடை. சுகன்யாவின் அம்மா என்று சொல்லிவிட்டு, வணக்கம்கூட இல்லாமல் ஆரம்பித்தாள்.

"கேன்டீன் மோருல என்னாங்க கலக்கறீங்க? பொண்ணுங்களுக்கு அது நிக்கறதுக்கு மருந்து போடறீங்களாமே, லீவு எடுக்கக் கூடாதின்னு."

இது எல்லாக் கம்பெனியைச் சுற்றியும் உலாவுகிற வதந்தி. எங்கள் கேன்டீன் மோரில் தயிரே இருக்காது, மருந்து எங்கே இருக்கப் போகிறது? அதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. செக்யூரிட்டி அந்தப் பக்கம் போகிறவரை காத்திருந்து, கூடையின் வாயை எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி விரித்துக் காட்டினாள். உள்ளே ஐந்து பேட் பாக்கெட். ஒன்றும் பிரிக்கவில்லை.

"மாசா மாசம் நாந்தான் ஊர்லயே வாங்கிக் குடுத்து அனுப்பறேன். போன வாரம் வந்தப்ப அவ பைய தொறந்தேன். அஞ்சு மாசத்துதும் அப்பிடியே கெடக்குது."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"போன்ல கேக்கறதுதான். தலைக்கு ஊத்திகினியான்னு கேப்பேன். ஊத்திகினேன்னு சொல்லும்."

"நேர்ல கேட்டீங்களா?"

நான் கூடாததைக் கேட்டுவிட்டது போல என்னைப் பார்த்தாள். "பெத்த பொண்ணுகிட்ட அத எப்பிடிங்க நேரா கேக்கறது? ஒங்ககிட்ட பொஸ்தகம் இருக்குதாம், எல்லாம் எழுதி வெச்சிருப்பீங்களாம். அதப் பாத்துச் சொல்லுங்க."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஒருவேளை உங்களுக்கு வாங்கினது இதுல கலந்து போயிருக்குமோ?"

"எனக்கெதுக்குங்க? எனக்கு அதெல்லாம் இல்லாம பத்து வருசமாவுது. அவளுக்கின்னேதான் வாங்கறது." பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "குந்தாரப்பள்ளி பக்கம் ஒரு எடம் வந்திருக்குது. பொண்ணு பாக்க வரேன்னிருக்காங்க. அதுக்குள்ள இவ என்னாத்தயாவது இழுத்துகினு வந்துட்டான்னா, நாங்க ஊர்ல இருக்க முடியாதுங்க சிஸ்டரம்மா."

ரிஜிஸ்டரை வெளியாளுக்குக் காட்டக் கூடாது என்பது விதி. காட்டினேன். என் சந்தேகத்துக்குத் துணை கிடைத்த சந்தோஷம்தான் காரணம். வேறு சமாதானம் சொல்ல மாட்டேன். முதல் நான்கு மாதம் தேதி இருந்தது. பிறகு வெறும் இடம். அவளுக்கு எழுத்து தெரியாது. விரலால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே வந்தவள் பென்சில் குறியில் நின்றாள்.

"இதென்னாங்க, கொக்கி மாதிரி?"

"ஒண்ணுமில்ல, சும்மா."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புரிந்துகொண்டாள். பாக்கெட்டுகளைக் கூடைக்குள் அழுத்தி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, மகளைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டாள்.

4. "எழுதுங்க சிஸ்டர்"

மறுநாள் சுகன்யாவைக் கூப்பிட்டு அம்மா வந்துபோனதைச் சொன்னேன். கூடை, பாக்கெட், ரிஜிஸ்டர் எல்லாம் சொன்னேன். உண்மையைக் கக்கிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எங்கிட்ட கேக்காம ஒங்ககிட்ட வந்து கேட்டுச்சா எங்கம்மா?" என்று கேட்டாள். "ஒங்க ரெண்டு பேருக்கும் எனக்கு அது வரணும், அவ்ளோதான? வரும். பாருங்க."

ஆறாம் நாள் காலை ஷிப்ட் மணி அடிப்பதற்கு முன்னால் என் மேஜை எதிரே வந்து நின்றாள்.

"எழுதுங்க சிஸ்டர். இன்னிக்கித் தேதி போட்டு எழுதுங்க. எங்கம்மாவுக்கும் போன் பண்ணிச் சொல்லிடுங்க."

முகம் வெளுத்திருந்தது. எழுதினேன். ஆனால் சும்மா எழுதினேனா? சொல்லி வைத்த மாதிரி ஆறு நாளில் வருவதற்கு அது என்ன கம்பெனி பஸ்ஸா? மெடிக்கல் ஷாப்பில் எதையோ வாங்கிப் போட்டுக் கலைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். பி.பி. பார்க்கவில்லை. கோபத்தில் லைனுக்கு அனுப்பினேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

எங்கள் லைன்களில் டாய்லெட் போவதற்கு ஒரு சிவப்பு அட்டை உண்டு. ஒரு லைனுக்கு ஒரே அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருத்தி போய் வந்த பிறகுதான் அடுத்தவள் போகலாம். மூன்றாம் நாள் பதினோரு மணி சுமாருக்கு அட்டை வேறொரு பெண்ணிடம் இருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். சுகன்யா ஒயர் கட்டுகிற போர்டுக்கு முன்னால் நின்றபடியே காத்திருந்திருக்கிறாள். அப்படியே விழுந்துவிட்டாள்.

நான் ஓடிப் போனபோது சாம்பல் நிற யூனிபார்ம் கால்வரை நனைந்திருந்தது. தரையிலும் ரத்தம். நரம்பு தேடி ஊசி போட்டேன். பி.பி. எண்பதுக்குக் கீழே. ஆம்புலன்சில் ஏற்றினோம். ரெஃபரல் ஸ்லிப்பில் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியாக, "கருக்கலைப்பு மாத்திரை எடுத்திருக்கலாம்" என்று எழுதிக் கேள்விக்குறி போட்டேன்.

5. ஸ்லிப்

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து என் ஸ்லிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"சிஸ்டர், கடைசி வரிய எத வச்சு எழுதினீங்க?"

"ஒரு சந்தேகம், டாக்டர்."

"கர்ப்பமும் இல்ல, கலைப்பும் இல்ல. நான் இத நம்பி வேற வழியில போயிருந்தா?" பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

அதற்குள் முனிரத்னம்மா பசுமைக்குடிலில் இருந்து அப்படியே, தலையில் கட்டிய துணியோடு வந்து சேர்ந்தாள். மகள் கண் விழித்திருந்தாள். ஆதார் கார்டு வேண்டுமென்று நர்ஸ் கேட்டதும், அம்மா மகளின் பைக்குள் கைவிட்டுத் தேடினாள். அடியிலிருந்து காலி மாத்திரை அட்டைகள் ஒரு கத்தை வந்தது. நான்தான் முதலில் வாங்கிப் பார்த்தேன். நாள் தள்ளிப் போடுகிற மாத்திரை. வீட்டில் விசேஷம், கோயில் என்றால் பெண்கள் டாக்டரைக் கேட்காமலே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிற அதே மாத்திரை.

முனிரத்னம்மா என் கையிலிருந்து ஒரு அட்டையைப் பிடுங்கினாள்.

"இது நா வாங்கிக் குடுத்ததாச்சே!"

வாந்தி என்று அவள் என்னிடம் வந்த அந்த ஐந்தாவது மாதம்தான் ஊரில் மாரியம்மன் பண்டிகை. மகள் மாவிளக்கு எடுக்க வேண்டும், நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. கெலமங்கலத்தில் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, "பண்டிக முடியற வரைக்கும் இதப் போட்டுக்கோ," என்று கொடுத்திருக்கிறாள். எதற்கு, எப்படி, எத்தனை நாள் என்ற பேச்சே இல்லை. அம்மா கொடுத்தாள், மகள் விழுங்கினாள்.

மீதியைச் சுகன்யாவே சொன்னாள். பேச மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

"எனக்கு வந்துச்சின்னா ஒரு மணி நேரத்துல ரொம்பிப் போவும் சிஸ்டர். அட்ட கெடைக்கறதுக்குள்ள யூனிபார்ம் ஆயிடும். ஒரு வாட்டி ஆயிடுச்சி, லைனே பாத்துச்சி. ஒங்ககிட்ட வந்தேன், கார்ட வெச்சிப் பாத்தீங்க. அம்மாகிட்ட சொன்னா எல்லாருக்கும் அப்பிடித்தான்னு சொல்லும். பண்டிகைக்கிப் போட்ட மாத்திர அட்ட பையிலயே இருந்துச்சி. மத்திகிரி கடையில காட்டினேன், குடுத்தாங்க. போட்டுகினு இருந்தா வராது. நிம்மதியா நின்னு வேல பாத்தேன்."

"அப்புறம் ஏம்மா நிறுத்தின?" என்றார் டாக்டர்.

அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள். "இவங்களுக்கு வரணுமாம். அதான் நிறுத்திட்டேன்."

முனிரத்னம்மா கையிலிருந்த அட்டை கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

6. ஒண்ணுமில்லீங்க

மாத்திரை மூல காரணம் இல்லை என்றார் டாக்டர். இத்தனை மாதம் கேட்பாரில்லாமல் போட்டது தப்புதான், ஆனால் அதற்கு முன்பே ஏன் இவ்வளவு போகிறது? கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். வயதுக்கு வந்தபோதே இரண்டு வாரம் நிற்கவில்லையாம். ஒரு பல் பிடுங்கியபோது இரண்டு நாள் ரத்தம் கசிந்ததாம். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவிடம் திரும்பினார்.

"உங்களுக்கு இப்படி உண்டா? உங்க அம்மாவுக்கு, கூடப் பொறந்தவங்களுக்கு?"

"எங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. வருடக்கணக்காகப் பொய் பிடித்த காது எனக்கு. கேட்டில் அவள் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பத்து வருடமாக எனக்கு அதெல்லாம் இல்லை. நாற்பது வயதுக்காரிக்கு முப்பதிலேயே எப்படி நிற்கும்? சந்தேகப்பட வேண்டிய ஒன்றே ஒன்றை அன்று கோட்டை விட்டிருந்தேன்.

வெளியே குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் அவளைக் கூட்டிப் போனேன்.

"பத்து வருஷமா இல்லேன்னு அன்னிக்கிச் சொன்னீங்களே?"

"நா எப்பச் சொன்னேன்? சொல்லல."

"கேட்ல, கூடைய காட்டும்போது சொன்னீங்க."

"ஒங்ககிட்ட வாயத் தொறந்தது தப்பு. நீங்க ஆபீசுல எழுதிடுவீங்க. அங்க இருந்து ஊருக்குப் போவும். ஊர்ல இருந்து குந்தாரப்பள்ளிக்குப் போவும்." ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

அவள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ரிஜிஸ்டரைத் திறந்து காட்டியவள் நான்தானே. இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "பொஸ்தகம் எடுத்துட்டு வரலம்மா. பென்சிலும் இல்ல."

அவள் என் கைகளைப் பார்த்தாள். பிறகு குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நிக்கவே நிக்காதுங்க எனக்கு. காட்டு வேலைக்கிப் போனா பொடவ மேல பொடவ சுத்திகினு போவேன். முப்பது வயசுல கர்ப்பப் பைய எடுத்துட்டாங்க. ஊருக்கெல்லாம் கொடல் ஆபரேசன்னு சொன்னோம். அவளுக்கும் அதேதான் தெரியும். எங்கம்மா மூணாவது பிரசவத்துல ரத்தம் நிக்காமலே செத்துப் போச்சி, நா சின்னப் புள்ள. பேய் அடிச்சிடுச்சின்னாங்க." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாளுக்கே பை இல்ல, பொண்ணுக்கு மட்டும் என்னாத்த தங்கும்னு பேச மாட்டாங்களா?"

எனக்கு இதமாகப் பேச வராது. "சொல்லலேன்னா கல்யாணம் நடக்கும். பிரசவத்துல உங்கம்மாவுக்கு நடந்ததுதான் இவளுக்கும் நடக்கும்," என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தபடியே, "டாக்டருகிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்றாள்.

"டாக்டர்கிட்ட நான் சொல்றேன். அவகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"எப்பிடி ஆரம்பிக்கறது?"

எனக்கும் தெரியாது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மகளின் போர்வையை இழுத்து இழுத்துச் சரி செய்தாள். பிறகு தெலுங்கில் ஆரம்பித்தாள். தெலுங்கு எனக்கு நன்றாகவே புரியும். அதனால்தான் எழுந்து வெளியே போனேன்.

என் வாழ்க்கையில் ஒட்டுக்கேட்காமல் நகர்ந்த முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும். ஒரே ஒரு தடவை சுகன்யாவின் குரல் உயர்ந்தது, பிறகு அடங்கிவிட்டது. அரை மணி கழித்து டிரிப் பாட்டில் தீர்ந்திருக்குமே என்று திரையை விலக்கினேன். முனிரத்னம்மா புடவையைக் கொஞ்சம் இறக்கி அடிவயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஊசி குத்தியிருந்த கையோடு மகள் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் என்னைக் கவனிக்கவில்லை. பாட்டிலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

7. முப்பத்தொன்பது

பெங்களூரில் பரிசோதனை செய்தார்கள். ரத்தம் உறைவதில் பிறவிக் குறை, அம்மா வழியில் வந்தது என்று தெரிந்தது. அதற்கு மருந்து உண்டு. பல் பிடுங்கினாலும் பிரசவமானாலும் முன்கூட்டியே காட்ட வேண்டிய ஒரு அட்டையும் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் சுகன்யா லைனுக்குத் திரும்பினாள். நான் எச்.ஆர். மேனேஜரிடம் போய்ச் சிவப்பு அட்டையை ஒழிக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். "டிராமா பண்றவங்களுக்கு வசதியாப் போயிடும் சிஸ்டர்," என்றார். கடைசியில் லைனுக்கு மூன்று அட்டை ஆனது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

ரிஜிஸ்டரில் தேதிப் பத்தியை அடித்துவிட்டு, எத்தனை நாள் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை பேட் என்று எழுதினேன். கார்டு டெஸ்ட் என்றால் கார்டு டெஸ்ட் என்றே சொல்லி, சம்மதம் கேட்ட பிறகு எடுத்தேன். பாதிப் பெண்கள் என்னை நம்பவில்லை. மேஜையில் வைத்த மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நான் விதைத்தது.

குந்தாரப்பள்ளிக்காரர்களிடம் முனிரத்னம்மா தானே விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் வரவில்லை. "போனாப் போவுது போங்க," என்று என்னிடம் போனில் சொன்னாள். ஒன்றரை வருடம் கழித்துச் சுகன்யா கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தாள். மாப்பிள்ளை அந்தப் போர்க்லிப்ட் பையன்தான். என் சந்தேகத்தில் அந்த ஒன்று மட்டும் சரியாக இருந்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு மத்தியானம் பெங்களூரிலிருந்து முனிரத்னம்மா போன் செய்தாள். ஹலோகூட இல்லை. அவள் பழக்கம் அப்படி.

"சிஸ்டரம்மா, ரத்தம் நின்னுடுச்சி."

சுகன்யாவுக்குப் பிறந்தது என்ன குழந்தை என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது. பெண் என்றாள். "இவளுக்கு நாங்களே சொல்லிக்கறோம், அதது வயசுல," என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன்.

போனை வைத்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு முப்பத்தொன்பது வயதிலேயே நின்றுவிட்டது. வெளியே தெரிந்தால் மாமியார் என்ன நினைப்பாரோ என்று இரண்டு வருடம், மாதம் மூன்று நாள் பூஜை அறைக்குப் போகாமல் ஒதுங்கி உட்கார்ந்து நடித்தேன். காலண்டரில் மகளின் தேதியைச் சுற்றிய அதே பேனாவால் எனக்கும் பொய்யாக வட்டம் போட்டேன். எச்.ஆர். மேனேஜர் சொன்ன பாதியில் நானும் உண்டு. அம்மாவுக்குச் சீக்கிரம் நின்றால் மகளுக்கும் அப்படி நேரலாம் என்பது நர்சிங் படித்த எனக்குத் தெரியாததில்லை. தீபாவுக்கு முப்பத்தொரு வயது. பெங்களூரில் வேலை. குழந்தை பற்றிப் பேச்சு வந்தால், "இன்னும் அஞ்சாறு வருஷம் போகட்டும்மா," என்பாள். நானும் சும்மா இருந்துகொண்டிருந்தேன்.

அவளுக்குப் போன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சாப்பிட்டாயா, மழையா என்று கேட்டுவிட்டு, திடீரென்று எல்லாவற்றையும் சொன்னேன். நின்றது, நடித்தது, வட்டம் போட்டது எல்லாம். அவளுக்கும் அப்படி வரலாம், ஒரு டாக்டரைப் பார்த்து வைத்துக்கொள் என்றேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு அவள் குரல் வந்தது.

"எதுக்கும்மா இப்ப இத சொல்ற? எந்த ரிஜிஸ்டருக்கு?"

எனக்கு வலித்தது. கேட்க அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"எந்த ரிஜிஸ்டருக்கும் இல்லடி. உனக்காகத்தான்."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. "எத்தன வயசுல நின்னுச்சுன்னு சொன்ன?" என்று கேட்டாள்.

"முப்பத்தொம்பது," என்றேன். "எழுதி வெச்சிக்கோ."